தொடாத வண்டியின் புகை

மச்சானின் பிக்கப் வண்டி வாசலில் வெள்ளை வெளேரென்று புகைவிட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்து, தான் வண்டியை எடுக்கவே இல்லை என்று சாதிப்பதா, எடுத்ததால்தான் இப்படி ஆனது என்று ஒப்புக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தெருவைக் காணோம், புகைதான் இருந்தது.

அந்தப் புகைக்குள்ளிருந்து அவருடைய மனைவி வந்தாள். கையில் துவைத்த துணி வாளி.

"என்னங்க, அண்ணன் வண்டிய எடுத்தீங்களா?"

"எடுக்கல."

"அப்ப எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க?"

"கொஞ்சம் நகத்தினேன்."

"எங்கேர்ந்து எங்க நகத்தினீங்க?"

"கடையிலேர்ந்து இங்க."

கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஷோகேஸ் இப்போது வண்டியின் பின்பக்கத்தில் கயிறு கட்டி நின்றது. அதை ஏற்றி வர வாடகை வண்டி பிடிக்க வேண்டும். வீட்டு காம்பவுண்டுக்குள் ஒரு வண்டி சும்மா நிற்கும்போது வாடகைக்கு இன்னொன்று பிடிப்பானேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு இப்படித் தோன்றும்போதெல்லாம் யாருக்காவது செலவு வரும்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பெயின்ட் வியாபாரி. வெளியூர் போவதாகச் சொல்லி இருட்டிய பிறகு வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது அவர் தெளிவாகத்தான் பேசியிருந்தார். "மாப்ளே, டேங்க் ஃபுல்லா இருக்கு. சாவிய ஆணியில மாட்டியிருக்கேன். ஆனா நீங்க தொடக் கூடாது. வேற யார் வேணா தொடட்டும், நீங்க மட்டும் தொடக் கூடாது."

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்கிறேன் என்று இறக்கியவர் கண்ணாடிக்காரர். அது அப்புறம் ஏறவே இல்லை. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மாமியாரின் காது கேட்கும் கருவி என்று பட்டியல் நீளம். மனைவி வீட்டில் அவர் நுழைந்தால் டி.வி. ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைப்பார்கள். மரியாதையாக, சிரித்துக்கொண்டே வைப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தாங்காது.

"அண்ணனுக்கு ஃபோன் பண்ணி உள்ளத சொல்லிடலாங்க" என்றாள் மனைவி.

"சொன்னா அவ்வளவுதான். ரிமோட்டோட சேத்து உன்னையும் உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க."

அவர் வழியில் நடந்ததை யோசித்துப் பார்த்தார். சாலையில் தேங்கியிருந்த தண்ணீரில் வண்டியை இறக்கியது ஞாபகம் வந்தது. சைலன்சருக்குள் தண்ணீர் போயிருக்கும். தண்ணீர் சூடானால் ஆவி வரும். ஆவி வெள்ளையாகத்தான் இருக்கும். எல்லாம் பொருந்தியதில் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல. இன்ஜினை ஓட விட்டா காஞ்சிடும்."

ஓட விட்டார். காயவில்லை. காம்பவுண்டு நிறைந்து, புகை மாடிப்படி ஏறியது. மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சர் இருமிக்கொண்டே வகுப்பை முடித்துப் பிள்ளைகளை அனுப்பினார். நாளைக்கும் இதே நேரத்துக்குப் புகை போடுவீர்களா என்று ஒரு பிள்ளை அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனது.

எதிர்வீட்டு வேன்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்தவர் நேராகச் சைலன்சருக்குப் பின்னால் கையை நீட்டிப் புகையைப் பிடித்து, உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"இனிப்பா வாடை வருதா பாருங்க."

கண்ணாடிக்காரர் மோந்தார். வேன்காரரின் கையில் மூக்குப்பொடி வாடைதான் வந்தது. மனைவியைக் கூப்பிட்டார். அவளும் புகையில் கையை நீட்டி மோந்துவிட்டு, "சோப்பு வாடை" என்றாள்.

"அது உன் கை. புகைய மோந்து பாரு."

"இனிப்பு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குங்க."

கண்ணாடிக்காரருக்கு இந்தப் பதில் பழக்கமானதுதான். கடையில் கண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வில்லையை மாட்டி, "இது நல்லா தெரியுதா, முன்ன வெச்சதா?" என்று கேட்பார். பாதிப் பேர், "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அவரும் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிக் கொடுப்பார். இதுவரை யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. ஆனால் அதெல்லாம் மச்சானின் கண்கள் இல்லை.

வேன்காரர் தீர்ப்பு சொன்னார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. இன்ஜினோட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது கிழிஞ்சா ரேடியேட்டர் தண்ணி நெருப்பு எரியுற இடத்துக்குள்ள இறங்கும். அதான் வெள்ளைப் புகை."

"அத எப்படி மாத்தறது?"

"இன்ஜினைப் பிரிக்கணும்."

கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்தது. வேன்காரருக்கே பரிதாபமாகிவிட்டது. "முதல்ல தண்ணி குறைஞ்சிருக்கான்னு பாருங்க. சூடு ஆறின பிறகு மூடியத் தொறந்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க. பாத்துட்டு என்னைக் கூப்பிடுங்க. ஊத்திடாதீங்க."

சூடு ஆறியது. மூடியைத் திறந்தார். குறைந்திருந்தது. குறைந்திருப்பதைப் பார்த்த பிறகும் சும்மா இருப்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் வாங்கி வந்து விளிம்புவரை ஊற்றினார். மூடியைத் திறந்துவைத்தபடியே ஸ்டார்ட் செய்தார். உள்ளிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பி, பச்சைத் தண்ணீர் ஒரே எழும்பாக எழும்பி, கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்புகளில் போய் விழுந்தது.

மனைவி விரிப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். விரிப்புகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"குமிழி வருதுன்னா சந்தேகமே இல்ல, கேஸ்கெட்தான்" என்றார் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேன்காரர். "ஊத்தாதீங்கன்னு சொன்னேனே."

இன்ஜினைப் பிரிக்காமல் வேறு யாராவது வேறு ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று கண்ணாடிக்காரர் தெருமுனை மாவு மில்லுக்குப் போனார். மில்லுக்காரர் வருஷக்கணக்காக டீசல் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவர். உடம்பெல்லாம் மாவோடு அப்படியே வந்து புகைக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"கண்ணு எரியுது."

"அதனால?"

"கண்ணு எரிஞ்சா அது எரியாத டீசல். இன்ஜெக்டர் டீசலைச் சரியா தெளிக்கல. இல்லாட்டி டீசல்ல தண்ணி கலந்திருக்கும். கேஸ்கெட்டாவது ஒண்ணாவது, அவரு வேன்ல ஹாரன் மட்டும்தான் அடிச்சாரு."

"அப்ப குமிழி?"

"குமிழி எந்த வண்டியிலதான் வரல?"

"இத சரி பண்ண என்ன செய்யணும்?"

"ஒரு பாட்டில் மருந்து. டேங்க்ல ஊத்துங்க. அடியில ஃபில்டர் இருக்கு பாருங்க, அதுல ஒரு திருகு இருக்கும். லேசா தளர்த்தி தேங்கின தண்ணிய வடிச்சிடுங்க. அவ்வளவுதான் வேலை."

ஒரு பக்கம் இன்ஜினைப் பிரிப்பது, இன்னொரு பக்கம் ஒரு பாட்டில் மருந்து. கண்ணாடிக்காரருக்கு மில்லுக்காரரின் அறிவின்மேல் திடீரென்று பெரிய மதிப்பு ஏற்பட்டது.

மருந்தை ஊற்றினார். ஒரு பாட்டில் என்று சொன்னால் இரண்டு பாட்டில் ஊற்றுவது அவர் வழக்கம். புகை முன்பைவிடத் தடியாக வந்தது, இன்ஜின் கடகடவென்று நடுங்கியது. பயந்துபோய் அணைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஃபில்டரின் திருகைத் தளர்த்தினார். லேசாகத்தான் தளர்த்தினார். அது கையோடு வந்துவிட்டது. டீசல் அவர் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள்வரை ஓடியது. திருகு தரையில் உருண்டது. அதைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்டுவதற்குள் ஃபில்டரில் இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது.

எழுந்துபோய் ஸ்டார்ட் செய்தார். வண்டி முனகியது, கிளம்பவில்லை. மறுபடி செய்தார். முனகக்கூட இல்லை.

"புகை நின்னுடுச்சு" என்றார் மனைவியிடம்.

"வண்டியே நின்னுடுச்சுங்க."

அந்த நேரம் பார்த்து மச்சானின் ஃபோன் வந்தது. கண்ணாடிக்காரர் டீசல் கையோடு எடுத்தார்.

"என்ன மாப்ளே, வண்டி எப்படி இருக்கு?"

"இருக்கு மச்சான்."

"சும்மா ஸ்டார்ட் கீர்ட் பண்ணிப் பாக்கலையே?"

"பண்ணினாலும் ஆகாது மச்சான்" என்று வாய் தவறி வந்துவிட்டது. "அதாவது, பண்ண மாட்டேன். எதுக்குப் பண்ணப் போறேன்?"

 மறுமுனையில் மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்குக் கிளம்பலாம்னு பாத்தேன். வேலை முடியல. இன்னும் ரெண்டு நாள் ஆகும்போல."

கடவுளே வந்து அவகாசம் கொடுத்த மாதிரி இருந்தது கண்ணாடிக்காரருக்கு. ஃபோனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? தொடாதேன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அதைக் கூட என்னால காப்பாத்த முடியலையே. உங்க வீட்ல என்னை இனிமே எந்தப் பொருளுக்குப் பக்கத்துல விடுவாங்க?"

அவள் பச்சைக் கறை படிந்த விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். "அவங்க உங்களக் கேலி பண்றப்ப நானும் சிரிச்சு வெக்கறேன். ஆனா எனக்கும் வலிக்கத்தாங்க செய்யுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரி, சொல்ல வேணாம். சரி பண்ணியே குடுத்துடுவோம். ஆனா இனிமே ஸ்பேனரை நீங்க கையில எடுக்கக் கூடாது" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்கு எதிராக ஒரு காரியத்தில் அவரோடு கூட்டுச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அந்தக் கலவரத்திலும் சந்தோஷமாக இருந்தது.

மெக்கானிக் வந்தார். எதற்கெடுத்தாலும் "பொறுமையா இருங்க" என்பதால் அவருக்குப் பொறுமை என்றே பெயர். கையால் பம்ப் அடித்துக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பினார். வண்டியோடு புகையும் கிளம்பியது. பொறுமை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"தண்ணி எவ்வளவு குறைஞ்சிருந்தது?"

"தெரியல. முழுக்க ஊத்திட்டேன்."

"வாடை எப்படி இருந்தது?"

"முதல்ல சோப்பு. இப்ப மருந்து வாடை."

"ஃபில்டர்ல தண்ணி வந்ததா, டீசலா?"

"என் சட்டையில வந்தது. எது தண்ணி, எது டீசல்னு பிரிச்சுப் பாக்கல."

"காலையில மட்டும் புகையா, எப்பவுமா?"

"எப்பவும் நான் ஓட்டினதில்ல. ஒரு தடவைதான்."

பொறுமை தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லா மருந்தையும் நீங்களே குடுத்துட்டு நோயாளியக் கொண்டாந்தா நான் எதை வெச்சுப் பாக்கறது சார்? ஒவ்வொண்ணா கழிச்சுத்தான் வரணும்."

"எங்க தொழிலும் அதேதாங்க. ஒவ்வொரு வில்லையா மாத்தி மாத்தி" என்றார் கண்ணாடிக்காரர் ஆர்வமாக.

"நீங்க பொறுமையா இருங்க."

ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். குளிரில் கிளப்ப உதவும் ஹீட்டர் ப்ளக்குகளைப் பொறுமை கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தன. புகை நிற்கவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சோதித்து, துப்புரவாக்கி மாட்டினார். கண் எரிச்சல் நின்றது, புகை நிற்கவில்லை. மனைவி ஒவ்வொரு தடவையும் சைலன்சருக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடிக்காரர் முன்னாலிருந்து, "இப்ப கூடவா, முன்ன கூடவா?" என்று கேட்டார். அவளும், "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு" என்றாள். கேஸ்கெட் என்று நான் முதலிலேயே சொன்னேனே என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் இன்ஜினின் தலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. மழை வருகிற மாதிரி இருந்ததால் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் செய்தித்தாள் விரித்து வைத்தார்கள். பொறுமை போல்ட்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இதுக்கு முன்னால யாராவது தொறந்தாங்களா?"

"நான் மட்டும்தான்."

"நீங்க இன்ஜின் தலையத் தொறந்தீங்களா?"

"என்னவோ ஒண்ணைத் தொறந்தேன். பேரு தெரியாது."

பொறுமை அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் என்னென்ன வருமோ என்று பயந்திருக்கலாம். கேஸ்கெட் கிழிந்திருந்தது. தலையைக் கடைந்து சமமாக்கவும் வேண்டுமென்றார். கம்ப்யூட்டரில் கண் பார்க்கும் மெஷின் ஒன்று கடைக்கு வாங்கவென்று கண்ணாடிக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கடைசல் பட்டறைக்குப் போனது. கொடுக்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் மச்சானின் முகத்தை நினைத்ததும் வேகமாகக் கொடுத்துவிட்டார்.

தலை கூடத்திலும் உடம்பு வாசலிலும் கிடந்தபோது மச்சான் மறுபடி பேசினார்.

"வண்டி நின்ன இடத்துலதானே நிக்குது மாப்ளே?"

"அசையல மச்சான்."

"தொடலையே?"

"நான் தொடல." அதில் பொய் இல்லை. ஸ்பேனர் இப்போது பொறுமையிடம்தான் இருந்தது. அதே ஸ்பேனர் அந்த நேரம் பார்த்துத் தரையில் விழுந்து கணீரென்றது.

"அங்க என்ன சத்தம்?"

"சமையல், மச்சான்."

"ஓ. பெரிய சமையலா இருக்கும்போல." மச்சானின் குரலில் சிரிப்பு இருந்தது. "சரி சரி, அவசரப்படாதீங்க. சமையல் முடியட்டும். அப்புறமா வர்றேன்."

நல்ல மனிதர் என்று கண்ணாடிக்காரர் மனம் உருகினார். இவ்வளவு நல்லவரையா ஏமாற்றுகிறோம் என்று அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவழியாகப் புது கேஸ்கெட் போட்டு, தலையை மாட்டி, பழைய டீசலை எல்லாம் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, ஸ்டார்ட் செய்தார்கள். மனைவி சைலன்சருக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் ஆவி மாதிரி ஏதோ வந்தது. பிறகு அதுவும் நின்றது. எதிர்வீடு தெரிந்தது. எதிர்வீட்டில் வேன்காரர் நிற்பதும் தெரிந்தது.

"இப்ப எப்படி?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெளிவா தெரியுதுங்க" என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் மறுநாளே வந்துவிட்டார். காம்பவுண்டைக் கழுவி, வண்டியின்மேல் பழையபடி தூசு இருக்க வேண்டுமே என்று மாவு மில்லிலிருந்து கொஞ்சம் தூசு வாங்கித் தூவியிருந்தார் கண்ணாடிக்காரர். ஷோகேஸ் கட்டிலுக்கடியில் போயிருந்தது. மச்சான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி பூனை மாதிரி மெல்ல உறுமியது. மச்சான் இறங்கி, பின்னால் போய், சைலன்சருக்கு நேரே கையை நீட்டி, உள்ளங்கையை மோந்து பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மாப்ளே" என்று வந்து கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்தார். "சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. உங்க கைய நம்பி ஒரு பொருளை விட முடியாதுன்னு எங்க வீட்ல பேசுவாங்க. இனிமே பேசினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

 மனைவி வீட்டிலிருந்து கண்ணாடிக்காரருக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. குற்ற உணர்ச்சியும் பெருமையும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். மனைவி காலை மிதித்தாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை இருவரும் கையசைத்தார்கள். அதன் பின்னால் காற்று சுத்தமாக இருந்தது.

"மெஷின் போனா போகுது" என்றார் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து. "மானம் பொழச்சுது. இனிமே உங்க வீட்டுக்குப் போனா ரிமோட்டை என் கையிலயே குடுப்பாங்க பாரு."

மனைவியின் ஃபோன் அடித்தது. மச்சானின் மனைவி. இவள் பச்சைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க அண்ணி, அண்ணன் இப்பதான் கிளம்பினாரு" என்றாள்.

"வழியிலேர்ந்தே பேசிட்டாரும்மா, ரெண்டு வருஷமா நாலு மெக்கானிக்கால நிறுத்த முடியாத புகை உங்க வீட்ல விட்டதும் நின்னுடுச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம், எங்க வாஷிங் மெஷினையும் நாளைக்கே கொண்டாந்து விடறாராம், அதையும் தொடவே கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லி வெச்சிடு."